பெற்றவர்களைப் பார்த்துச் சிரித்த காலம்

1984-க்கும் 2000-க்கும் இடைப்பட்ட பதினாறு வருஷங்களில் இந்தியத் தொலைக்காட்சி, நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரப் பெற்றோரை மூன்று விதமாகப் பார்த்தது. முதலில் நமக்குப் பாடம் நடத்தியது. பிறகு நம்மோடு உட்கார்ந்து சிரித்தது. கடைசியில் நம்மை அழவைப்பதே நல்ல வியாபாரம் என்று கண்டுகொண்டது. இதில் நடுவில் வந்த சிரிப்பைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். முன்னும் பின்னும் சொல்லாமல் நடுவை மட்டும் சொன்னால் விளங்காது என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மத்திய அரசின் தணிக்கைப் பிரிவில் எனக்கு வேலை. 1981-ல் பம்பாய்க்கு மாற்றலாகி, 1997 வரை மாட்டுங்காவில் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தேன். மூன்று பெண் குழந்தைகள். ஆபீஸில் பேசிப் பேசி இந்தி ஓரளவு பழகிவிட்டது. இங்கே திருச்சியில் இருந்தவர்கள் இரவு எட்டு நாற்பது ஆனதும் "இந்தி வந்தாச்சு" என்று பெட்டியை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த காலத்தில், நாங்கள் அணைக்காமல் பார்த்தோம். நம் ஊர்க்காரர்கள் பலருக்கு அந்தக் காலத் தொலைக்காட்சி என்றால் வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்', ஞாயிற்றுக்கிழமைப் படம், இவ்வளவுதான் நினைவில் இருக்கும். அந்த எட்டு நாற்பதுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

டெல்லியில் தொலைக்காட்சி தொடங்கியது 1959 செப்டம்பர் 15. சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15. ஆனால் நாடு முழுவதும் ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் பார்ப்பது என்பது 1982-ல்தான் வந்தது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி கலரும் அப்போதுதான் வந்தது. 1984-ல் சில மாதங்கள், நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்ற வேகத்தில் ஊர் ஊராக நிறுவினார்கள். பெட்டி இருக்கிறது, கம்பம் இருக்கிறது, மொட்டை மாடியில் ஏறித் திருப்ப ஆண்டெனாவும் இருக்கிறது. காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. வயலும் வாழ்வும், செய்தி, கொஞ்சம் நாட்டியம், கொஞ்சம் சங்கீதம். எத்தனை நாளைக்கு இதையே பார்ப்பது?

அரசாங்கத்துக்கு இன்னொரு கவலையும் இருந்தது. 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் வட மாநிலங்களில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய் அறுவைச் சிகிச்சை செய்த கதை உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற சொல்லே மக்களுக்குக் கசந்துவிட்டது. 1977-ல் வந்த ஜனதா அரசு அந்தத் துறையின் பெயரையே 'குடும்ப நலம்' என்று மாற்றியது. சுவரில் சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' வாசகமும் இருந்தன. ஆனால் ஜனங்கள் அதைப் பார்க்காத மாதிரி நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பயமுறுத்தியும் ஆகவில்லை, சுவரில் எழுதியும் ஆகவில்லை. கதையாகச் சொல்லிப் பார்க்கலாமே என்ற எண்ணம் அந்தச் சமயத்தில் வந்ததில் ஆச்சரியமில்லை.

அந்த எண்ணத்துக்கு வழி காட்டியது மெக்சிகோ. அங்கே மிகேல் சபீடோ என்பவர் 1970-களில் ஒரு புது மாதிரித் தொடர்நாடகத்தை உருவாக்கியிருந்தார். 1975-ல் ஒரு தொடர் முதியோர் கல்விக்காக, 1977-ல் ஒரு தொடர் குடும்ப நலத்துக்காக. அவருடைய கணக்கு எளிமையானது. கதையில் நல்ல வழியில் போகிற ஒருவர், கெட்ட வழியில் போகிற ஒருவர், இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிற ஒருவர். பார்க்கிற ஜனங்கள் தடுமாறுகிறவரோடு ஒட்டிக்கொள்வார்கள். அவர் கடைசியில் திருந்தும்போது இவர்களும் கொஞ்சம் திருந்துவார்கள். அன்றைய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் வசந்த் சாத்தே 1982-ல் மெக்சிகோ போய்வந்தார். அமைச்சகச் செயலாளராக இருந்த எஸ்.எஸ்.கில் அதற்கு உருவம் கொடுக்க முன்வந்தார். இந்தி எழுத்தாளர் மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுத, பி.குமார் வாசுதேவ் இயக்க, 1984 ஜூலை 7 அன்று 'ஹம் லோக்' தொடங்கியது. 'நாங்கள்' என்று பொருள். 1985 டிசம்பர் 17 வரை 156 பகுதிகள்.

கதை டெல்லியில் ஒரு கீழ் நடுத்தரக் குடும்பம். அப்பா பசேசர் ராம் தச்சு வேலை செய்பவர், குடிகாரர். அம்மா பகவந்தி வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்பவள். தாத்தா, பாட்டி. மூன்று பெண்கள், இரண்டு பையன்கள். பெண்களை வீட்டில் கூப்பிடும் பெயர்களைக் கவனியுங்கள்: பட்கி, மஜ்லி, சுட்கி. அதாவது பெரியவள், நடுவள், சின்னவள். பெரிய பையன் லல்லு வேலை தேடி அலைகிறான். சின்னவன் நன்னே கிரிக்கெட் மட்டையோடு திரிகிறான். மஜ்லி சினிமா ஆசையில் பம்பாய்க்குப் போய்ச் சீரழிகிறாள். சின்னவளுக்கு டாக்டர் ஆக ஆசை. ஒரு தகப்பனுக்கு எத்தனை விதமான கவலை வரமுடியுமோ அத்தனையையும் ஒரே வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார் ஜோஷி.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து, கதையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி, ஒரு புத்திமதி சொல்லுவார். பின்னாட்களில் 'ஹம் லோக்' என்ற சொல்லை வெவ்வேறு இந்திய மொழிகளில் சொல்லி முடிப்பார். தமிழ் வரும் நாளுக்காக எங்கள் வீட்டில் காத்திருந்தோம்.

இது அரசாங்கமே தயாரித்துத் தன் செலவில் காட்டிய தொடரும் அல்ல. அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்த மேகி நூடுல்ஸ் கம்பெனி அதற்கு விளம்பரதாரர். பள்ளியிலிருந்து பசியோடு வரும் பிள்ளைக்கு இரண்டு நிமிஷத்தில் ஏதாவது செய்துகொடுக்கும் அம்மா விளம்பரத்தில். நாள் முழுக்க அடுப்படியில் வேகும் அம்மா தொடரில். ஒரே அரைமணி நேரத்தில் இரண்டு அம்மாக்களையும் பார்த்தோம். நூடுல்ஸ் நன்றாக விற்றது. தனியார் பணம் கொடுத்தால் தொடர் ஓடும் என்பதை மற்ற கம்பெனிகளும் தெரிந்துகொண்டன. அதற்கடுத்து வந்த எல்லாத் தொடர்களுக்கும் அங்கேதான் வழி திறந்தது.

குடும்பக் கட்டுப்பாட்டுப் பாடம் என்ன ஆயிற்று? முதல் பதின்மூன்று பகுதிகளில் உபதேசம் தூக்கலாக இருந்தது. ஜனங்கள் முகம் சுளித்தார்கள். அதன் பிறகு அதைக் குறைத்து, குடும்பக் கதையை முன்னால் கொண்டுவந்தார்கள். தொடர் பிடித்துக்கொண்டது.

இதைவிடச் சுவாரசியமான இன்னொன்று நடந்தது. அரவிந்த் சிங்கல், எவரெட் ரோஜர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தத் தொடரைப் பார்த்தவர்களிடம் விசாரித்து எழுதியிருக்கிறார்கள். பகவந்தியை எழுதியவர்கள், 'இப்படி வாயில்லாப் பூச்சியாக இருக்காதே' என்று பெண்களுக்கு எச்சரிக்கையாகத்தான் அவளை வைத்தார்கள். பார்த்தவர்களில் கணிசமான பேர், அவர்களில் பெண்களே அதிகம், அவளைத்தான் பின்பற்ற வேண்டிய நல்ல தாய் என்று சொன்னார்கள். எச்சரிக்கைப் பலகையை வழிகாட்டிப் பலகையாகப் படித்துவிட்டார்கள். பெற்றவளைத் துன்பத்தில் காட்டினால் நம் ஜனங்களுக்கு அவள் மேல் மரியாதைதான் கூடும். அவள் மாதிரி ஆகக்கூடாது என்று தோன்றாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

அசோக் குமாருக்கு நாலு லட்சத்துக்கு மேல் கடிதங்கள் வந்தன. அவற்றில் பல இளவயதுப் பிள்ளைகள் எழுதியவை: எங்கள் அப்பா அம்மாவிடம் நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள், எனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொள்ள விடச் சொல்லுங்கள் என்று. பெற்றோரிடம் நேரில் பேச முடியாத பிள்ளைகள், பெட்டிக்குள் தெரிந்த ஒரு தாத்தாவைத் தூது அனுப்பப் பார்த்தார்கள். அன்றைய குடும்பங்களில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருந்தது என்று புரிந்துகொள்ள இந்த ஒரு தகவல் போதும்.

எங்கள் மூன்றாவது பெண் பிறந்தது அதே 1984-ல், நவம்பர் மாதம். அவள் வயிற்றில் இருந்தபோது ஆபீஸ் நண்பர் ஒருவர் மின்சார ரயிலில் என்னைத் தனியாக அழைத்து, "டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடுங்கள், ஏற்கெனவே இரண்டும் பெண்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். பம்பாயில் அப்போது அதற்கென்றே இடங்கள் இருந்தன. இப்போது 500 ரூபாய் செலவு செய்தால் பின்னால் 50,000 மிச்சம் என்ற பொருளில் விளம்பரமே செய்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி சாதத்தைக் கிளறிக்கொண்டே, "அவருக்கு வேற வேலை இல்லையா?" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. குழந்தை பிறந்த பிறகு ஊரிலிருந்து வந்த கடிதங்களில் துக்கம் விசாரிக்கிற தொனி இருந்தது. என் அத்தை, "மூணாவதும் அப்படியே ஆயிடுத்தாமே" என்று மட்டும் எழுதி, மற்றபடி மழை இல்லை என்று முடித்திருந்தார். நாங்கள் அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பட்கி, மஜ்லி, சுட்கியின் கதையைப் பார்த்தோம். பெண் பிள்ளைகள் என்றால் கவலை, கவலை என்றால் பெண் பிள்ளைகள். தொடரும் அதைத்தான் சொன்னது, கடிதங்களும் அதைத்தான் சொல்லின.

சிரிப்பு வந்த கதைக்கு இனி வருகிறேன்.

அதே 1984-ல் 'ஏ ஜோ ஹை ஜிந்தகி' வெள்ளிக்கிழமை இரவுகளில் வந்தது. நையாண்டி எழுத்தாளர் ஷரத் ஜோஷியின் எழுத்து. ஷஃபி இனாம்தாரும் ஸ்வரூப் சம்பத்தும் புருஷன் பெண்டாட்டி, ராகேஷ் பேடி மைத்துனன். சதீஷ் ஷா வாரத்துக்கு ஒரு வேஷம், ஒரு பாஷையில் வந்து கலக்குவார். அதில் குழந்தை வளர்ப்பு கிடையாது. ஆனால் ஒரு சாதாரண ஃபிளாட்டில், பெரிய கஷ்டம் எதுவும் இல்லாமலே, அரை மணி நேரம் சிரிக்க விஷயம் இருக்கிறது என்று அது காட்டியது. 1985-ல் பாசு சாட்டர்ஜி இயக்கிய 'ரஜனி'. பிரியா தெண்டுல்கர் அதில் ஒரு இல்லத்தரசி. கேஸ் சிலிண்டர்காரனிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராக நியாயம் கேட்பாள். வாயில்லாத பகவந்தி போன கையோடு வாய் உள்ள ரஜனி வந்தாள். பிரியா தெண்டுல்கரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவரும் பின்னால் வருவார்.

1987 ஜனவரியிலிருந்து 1988 ஜூலை வரை ஞாயிறு காலையில் 'ராமாயண்'. அதுவும் ஒரு வகையில் பெற்றோர் படும் பாடுதானே! தசரதனைப் போல் பிள்ளைக்காகத் தவித்த தகப்பன் யார்? ஆனால் அப்பா சொல் தட்டாத அந்தப் பிள்ளையை ஒன்றரை வருஷம் பார்த்துவிட்டு நம் வீட்டுப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தால், ஹோம்வொர்க் எழுதச் சொன்னதற்கே காது கேட்காத மாதிரி உட்கார்ந்திருக்கும். இந்த ஏமாற்றத்துக்கு மருந்து மாதிரி 1988-ல் வந்தது 'வாக்லே கி துனியா'.

வாக்லேயின் உலகம். உருவாக்கியவர் ஆர்.கே.லக்ஷ்மண். மைசூரில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஆர்.கே.நாராயணின் தம்பி. பம்பாயில் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் அவர் வரைந்த கட்டம்போட்ட கோட்டுக்காரப் பொதுஜனத்தை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பொதுஜனம் வாயே திறக்கமாட்டார். அவருக்கு ஒரு பெயர், ஒரு மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், ஒரு குமாஸ்தா வேலை கொடுத்துப் பேசவும் விட்டால் எப்படி இருக்கும்? அவர்தான் ஸ்ரீனிவாஸ் வாக்லே. பழைய நடிகை துர்கா கோட்டேயின் நிறுவனம் தயாரித்தது. 'ஜானே பி தோ யாரோ' எடுத்த குந்தன் ஷா இயக்கினார். வாக்லேயாக அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ், மனைவி ராதிகாவாக பாரதி ஆச்ரேகர். ஸ்ரீவாஸ்தவ் நிஜத்திலும் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே நடித்தவர். அவர் தோளில் பை தொங்கிய விதத்தைப் பார்த்தாலே தெரியும், அது நடிப்பில்லை, பழக்கம்.

அதில் கதை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு பகுதியில் வாக்லேயை ஒரு கார் இடித்துவிடும். அந்தக் காரை ஓட்டி வந்த பையனாக நடித்தவர், அப்போது யாருக்கும் அவ்வளவாகத் தெரியாத ஷாருக் கான். அப்படிப்பட்ட சின்னச் சின்ன விஷயம்தான். வாக்லே நல்லவர், ஆனால் கெட்டிக்காரர் இல்லை. வீட்டில் அதிகாரம் செய்ய ஆசை, ஆனால் செல்லாது. பிள்ளைகளிடம் அவர் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் படும் பாடு நம்முடையதே. பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவரும் கடைசியில் சிரித்துவிடுவார். தகப்பன் சிரிக்கப்பட்டால் வீடு இடிந்துவிடாது என்று அந்தப் பெட்டி முதல் தடவையாகச் சொன்னது.

இது சின்ன விஷயம் இல்லை. என் அப்பா முன்னால் நான் உட்கார்ந்ததே கிடையாது. அவர் தெருமுனையில் வரும்போதே வீடு அடங்கிவிடும். நானும் அப்படியே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் வேறு மாதிரி எப்படி இருப்பது என்றும் யாரும் காட்டவில்லை. வாக்லே ஓடிய நாட்களில் என் பெரிய பெண், நான் எதையாவது தொலைத்துவிட்டுத் தேடும்போது, "வாக்லே சார், மூக்குக்கண்ணாடி தலையில இருக்கு" என்பாள். என் மனைவி அவளை அதட்டப் போனாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதின்மூன்று வயதுப் பெண் அப்பாவிடம் விளையாடலாம் என்று ஆன பிறகுதான், பள்ளிக்கூடத்தில் நடந்ததை எல்லாம் என்னிடம் சொல்ல ஆரம்பித்தாள். அசோக் குமாருக்குத் தபால் அட்டை எழுத வேண்டிய அவசியம் எங்கள் வீட்டில் வரவில்லை.

நம் தமிழில் இது இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. நமக்கு அது முதலில் சபா மேடையில் இருந்தது. விசுவின் நாடகங்கள், அவற்றிலிருந்து வந்த 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) போன்ற படங்கள், எஸ்.வி.சேகர், கிரேஸி மோகன் நாடகங்கள், இவற்றில் எல்லாம் நடுத்தரக் குடும்பத்து அப்பாதான் நடுநாயகம். சென்னைத் தொலைக்காட்சியில் சேகரின் 'வண்ணக் கோலங்கள்' வந்தபோது நம் ஊரில் தெருவே பார்த்தது என்று என் தம்பி சொல்லுவான். பிற்பாடு கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' வந்தது. புருஷன் பெயரும் ரமணி, பெண்டாட்டி பெயரும் ரமணி. அதை விரும்பிப் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

1992-ல் ஜீ டிவி, 1993-ல் சன் டிவி என்று தனியார் சேனல்கள் வந்தன. 1995-ல் ஜீ டிவியில் 'ஹம் பாஞ்ச்'. 'நாங்கள் ஐவர்'. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வந்த 'நாங்கள்' இப்போது எண்ணிக்கையோடு வந்தது. மராத்தி நகைச்சுவை நடிகர் அசோக் சராஃப், ஆனந்த் மாத்தூர் என்ற தகப்பன். அவருக்கு ஐந்து பெண்கள். பெரியவள் மீனாட்சி பெண் உரிமை பேசுவாள். இரண்டாவது ராதிகா சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட படிப்பாளி, காதும் சரியாகக் கேட்காது. அந்த ராதிகாவாக இடையில் வந்து நடித்த பெண், பிற்பாடு பெரிய நட்சத்திரமான வித்யா பாலன், நம் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண். மூன்றாவது ஸ்வீட்டிக்கு அழகுதான் எல்லாம். நாலாவது காஜல் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பேட்டை ரவுடி மாதிரி திரிவாள், 'காஜல் பாய்' என்று பெயர். ஐந்தாவது சோட்டி, ஊர் வம்பு அத்தனையும் அவள் காதில்.

ஆனந்தின் முதல் மனைவி இறந்துவிட்டாள். சுவரில் அவள் புகைப்படம். ஆனால் அந்தப் புகைப்படம் ஆனந்தோடு பேசும்! அவர் செய்யும் ஒவ்வொரு அசட்டுத்தனத்துக்கும் அங்கிருந்து குத்திக்காட்டும். இரண்டாவது மனைவி பீனாவாக ஷோமா ஆனந்த். போட்டோவில் இருந்து பேசியவர் யார் தெரியுமா? பழைய ரஜனி, பிரியா தெண்டுல்கர்தான். பத்து வருஷம் முன்னால் தெருவில் நின்று நியாயம் கேட்டவர், இப்போது மாலை போட்ட சட்டத்துக்குள் இருந்துகொண்டும் விடவில்லை.

இந்தத் தொடர் வந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலைச் செய்திகள் 1986-ல் நாடு முழுக்கத் தெரிந்தன. 1988-ல் மகாராஷ்டிரம் கருவிலேயே பெண்ணா என்று பார்க்கும் சோதனைக்குக் கட்டுப்பாடு விதித்துச் சட்டம் போட்டது. 1992-ல் நம் மாநிலத்தில் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 1994-ல் நாடு முழுமைக்கும் சட்டம் நிறைவேறியது. அடுத்த வருஷம், ஒரு சாதாரண மாதச் சம்பளக்காரன் வீட்டில் ஐந்து பெண் குழந்தைகள், அதில் யாரும் பாரம் இல்லை, யார் கல்யாணத்துக்கும் அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு சாயவில்லை, ஆண் வாரிசுக்காகக் கோயில் சுற்றவில்லை. அப்பாவுக்குத் தலைவலி உண்டு. ஆனால் அது பிள்ளைகள் செய்யும் அமர்க்களத்தால் வரும் தலைவலி. பெண்ணாய்ப் பிறந்ததால் வந்ததில்லை.

எங்கள் மூன்றாவது பெண்ணுக்கு அப்போது பதினோரு வயது. தெருவில் கிரிக்கெட் ஆடுவாள். வகுப்பில் 'காஜல் பாய்' என்றே பெயர் விழுந்துவிட்டது. 1996-ல் என் அத்தை, முன்பு அந்தக் கடிதம் எழுதியவர்தான், பம்பாய்க்கு வந்து ஒரு மாதம் எங்களோடு இருந்தார். அவருக்கு இந்தி ஒரு எழுத்து தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன்.

"அஞ்சும் பொண்ணாடா?"

"ஆமாம் அத்தை."

"சிரிச்சிண்டே இருக்காளே எல்லாரும்!"

கொஞ்ச நேரம் பார்த்தார். போட்டோ பேசியதும் வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். நாலு வாரமும் தவறாமல் பார்த்தார். ஊருக்குக் கிளம்பும் அன்று என் சின்னப் பெண்ணைக் கிட்டே கூப்பிட்டு, அவள் கையில் நூறு ரூபாய் வைத்து, "காஜல், அப்பாவப் பார்த்துக்கோ" என்றார். அவளைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதே அதுதான் முதல் தடவை, அதுவும் தொடரில் வரும் பெயர்!

ஒரு தொடரால் தேசம் திருந்தியது என்று நான் சொல்லமாட்டேன். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 1991 மக்கள்தொகைக் கணக்கில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 945 பெண் குழந்தைகள். 2001-ல் அது 927 ஆகக் குறைந்தது. வாராவாரம் ஐந்து பெண்களோடு சேர்ந்து சிரித்த அதே வீடுகளில் சில, அடுத்த நாள் காலையில் அந்தச் சோதனை இடங்களுக்கும் போயிருக்கும். தணிக்கைக்காரனுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாமல் போகாது. ஆனாலும் எண்களில் வராத ஒன்றும் உண்டு. ஏற்கெனவே பிறந்துவிட்ட பெண்களை ஒரு வீடு எப்படிப் பார்க்கிறது என்பது எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. அதில் அந்தத் தொடருக்கு ஒரு பங்கு இருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

சிரிப்பு ஏன் நின்றது? 'ஹம் பாஞ்ச்' தயாரித்தது ஏக்தா கபூரின் பாலாஜி நிறுவனம். அதே நிறுவனம் 2000 ஜூலை 3-ல் ஸ்டார் பிளஸில் 'கியூங்கி ஸாஸ் பி கபி பஹூ தீ' என்ற மாமியார் மருமகள் தொடரை ஆரம்பித்தது. எட்டு வருஷம் ஓடியது. இங்கே தமிழில் 1999-லேயே 'சித்தி' வந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு நாள் என்பது போய், வாரம் முழுக்க தினமும் என்றானது. காரணம் எளிது. நகைச்சுவைத் தொடருக்கு வாரம் ஒரு புதுக் கதை வேண்டும். இருபத்தைந்து நிமிஷத்தில் ஒரு சிக்கலை ஆரம்பித்து முடிக்க வேண்டும். தினத்தொடரில் முடிக்கவே கூடாது. கண்ணீரை நாளைக்கு ஒத்திப்போடலாம், சிரிப்பை ஒத்திப்போட முடியாது. விளம்பரக்காரருக்கு தினமும் அதே நேரத்தில் அதே பேர் உட்கார்ந்திருப்பது வசதி. பகவந்தியை ஞாபகம் இருக்கிறதல்லவா? எச்சரிக்கையாக வைத்தவளையே ஜனங்கள் தெய்வமாக்கினார்களே! துன்பப்படும் தாய்க்கு இந்த நாட்டில் எப்போதும் கூட்டம் வரும் என்ற அந்தப் பழைய பாடம்தான் பட்டுப்புடவையும் நகையும் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. மாதக் கடைசியில் பணம் போதாத அப்பாக்கள் திரையிலிருந்து மறைந்தார்கள். தொடரில் வரும் வீடுகளுக்கு மாடிப்படி இரண்டு பக்கமும் வளைந்து இறங்கியது.

2021-ல் 'வாக்லே கி துனியா' மறுபடி வந்தது, சப் டிவியில். இம்முறை கதாநாயகன் பழைய வாக்லேயின் மகன் ராஜேஷ், நடித்தவர் சுமீத் ராகவன். அவருக்கு ஒரு பெண், ஒரு பையன். பழைய வாக்லேயும் ராதிகாவும் தாத்தா பாட்டியாக அதில் இருக்கிறார்கள், அதே அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ், அதே பாரதி ஆச்ரேகர். லக்ஷ்மண் அதைப் பார்க்க இல்லை. 2015-ல் புனேயில் காலமாகிவிட்டார்.

சின்ன மகள் போன் செய்து சொல்லித்தான் அதைப் பார்த்தேன். முன்பு பிள்ளைகளின் மார்க் ஷீட்டைப் பார்த்துத் தவித்த வாக்லேக்கு இப்போது வேறு கவலை. மகனுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது, ஆனால் நான் இருக்கிறேன் என்பதும் மகனுக்குத் தெரிய வேண்டும். மகனுக்கோ ஒரு பக்கம் பிள்ளைகள், ஒரு பக்கம் அப்பா அம்மா. இரு பக்கத்தையும் வளர்க்க வேண்டியிருக்கிறது. பெற்றோர் படும் பாடு என்று இத்தனை நாள் நாம் சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது நம்மைப் பெற்றோராகக் கொண்டவர்கள் படும் பாடாகவும் ஆகிவிட்டது. என் மகள்கள் மூவரும் முறைவைத்து போன் செய்கிறார்கள். மாத்திரை போட்டாயா, நடந்துவிட்டு வந்தாயா, அந்த லிங்கை அமுக்காதே. அதட்டல்தான். நடுவில் ஒருத்தி "வாக்லே சார்" என்பாள். அப்போது எதிர்முனையிலும் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

பேரன் பேத்திகள் லீவுக்கு வந்தால் அவர்களோடு உட்கார்ந்து பழைய வாக்லேயில் இரண்டு பகுதி பாருங்கள். இந்தி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த மனுஷன் வீட்டுக்குள் நுழையும்போது, எந்தப் பாஷைக்காரப் பிள்ளைக்கும் அது யார் என்று தெரிந்துவிடும்.